பாதி இறங்கிய ஷட்டர்

கடைக்குப் போலீஸ் வைத்திருந்த முத்திரையை அன்று காலையில்தான் உடைத்தார்கள். கான்ஸ்டபிள் சாவியை நீராவியின் கையில் வைத்து, "இனிமே நீங்க கடையைத் திறந்துக்கலாம்மா" என்றார். ஏதோ புதுக் கடைக்கு வாழ்த்துச் சொல்பவர் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

"திறந்து?" என்றாள் நீராவி.

"இல்ல, வியாபாரம்..."

"என் கூட்டாளி செத்துட்டா. என் இஸ்திரிக்காரரை நீங்க உள்ளே வச்சிருக்கீங்க. நான் ஒருத்தியா நின்னு யார் துணியை வெளுக்கறது? உங்க இன்ஸ்பெக்டரோடதையா?"

கான்ஸ்டபிள் சிரிப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

நீராவி என்பது அவளுடைய பெயரில்லை. செத்துப்போன கூட்டாளி பட்டன் வைத்த பட்டம். இரண்டு பேரும் சேர்ந்து இந்தச் சலவைக் கடையை ஆரம்பித்த முதல் வாரத்தில், ஒரு வாடிக்கையாளர் தன் சட்டையில் இருந்த பழைய கறையைக் காட்டி "நீங்கதான் கறை பண்ணினீங்க" என்று குதித்தபோது, இவள் பதிலுக்குக் குதித்த குதியில் அந்த மனிதர் சட்டையையே விட்டுவிட்டு ஓடினார். "அம்மா தாயே, பாய்லரை விட உனக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி" என்று பட்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து தெருவுக்கே இவள் நீராவி. குள்ளமாக, உருண்டையாக, வாயில் எப்போதும் ஒரு ஊசியோடு யார் துணியில் எந்தப் பட்டன் போனாலும் ஜோடி தேடித் தைத்துக் கொடுத்தவள் பட்டன்.

போன மாதம் ஒரு மழை மாலையில், கடையடைக்கும் நேரத்தில், யாரோ பட்டனின் பின்னந்தலையில் இஸ்திரிப் பெட்டியால் அடித்துவிட்டார்கள். ஹோட்டலுக்கு வெளுத்த துணிகளைக் கொண்டுபோன நீராவி, மழையில் மாட்டி, தாமதமாகத் திரும்பினாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். அதற்கு மேல் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

இஸ்திரிப் பெட்டியில் இருந்தது இஸ்திரி அண்ணனின் கைரேகை. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். "தினம் அதைப் பிடிக்கிறவர் ரேகை இல்லாம, பின்னே உங்க ரேகையா இருக்கும்?" என்று நீராவி ஸ்டேஷனில் கத்தியது வாசலில் இருந்த டீக்கடை வரை கேட்டதாம். ஒன்றும் நடக்கவில்லை. மழைக்கு ஒதுங்கி எங்கோ தனியாக நின்றவருக்குச் சாட்சி ஏது?

ஷட்டரை முழுசாக மேலே தள்ளிவிட்டுத் திரும்பினால், இஸ்திரி அண்ணனின் மனைவி நின்றிருந்தாள்.

"கடை திறந்தாச்சா? அப்போ அவரை விட்டுடுவாங்களா?"

நீராவி தலையை அசைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாது. அந்தப் பெண் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பார்க்கவும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது?

துடைப்பத்தின் மேல் காட்டினாள். தரை, மேஜை, துணி தொங்கவிடும் கம்பிகள் எல்லாவற்றையும் அடித்துத் துவைத்தாள். கடைசியில் துணி உலர்த்தும் பெரிய மிஷினைத் தோளால் முட்டி அசைத்து முன்னால் இழுத்தாள். பின்னால் பழைய பஞ்சுக் குவியல். பஞ்சுக்கு நடுவில் ஒரு குடை.

கறுப்புக் குடை. பிடியில் பச்சை நாடா. அதில் அவளுடைய அக்காவின் குழந்தை ஒட்டிய வாத்து ஸ்டிக்கர், பாதி கிழிந்தது.

அந்தக் குடையை அக்காவின் கணவர், அத்தான், தினமும் வேலைக்கு எடுத்துக்கொண்டு போவார்.

நீராவி பஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

'அவர் அன்னிக்குச் சாயந்திரம் பூரா வீட்டுலதான் இருந்தார். நான், அவர், குழந்தை' என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் அக்கா சொன்னபோது இவள் பக்கத்திலேயே இருந்தாள். அப்படியென்றால் இந்தக் குடை தானாக நடந்து வந்து மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதா?

அத்தானுக்குப் பட்டனைக் கண்டால் ஆகாது. அவர் நீராவிக்குப் பார்த்த மாப்பிள்ளையை, "ஏன் சார், சிரிக்கறதுக்கு வரி கட்டணுமா?" என்று கேட்டு விரட்டியவள் பட்டன்தான். "அவ கழுத்தை ஒரு நாள் நெரிச்சிடுவேன் பாரு" என்று அத்தான் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பொரிந்து தள்ளினார். எல்லாரும் சிரித்தார்கள். இன்றைக்கு அந்த வார்த்தை காதில் வேறு மாதிரி விழுந்தது.

போனை எடுத்துக் கேமராவுக்கு ஒரு வரி தட்டினாள்: 'ஒரு விஷயம் கிடைச்சிருக்கு. சாயந்திரம் அக்கா வீட்டுக்கு வா.'

கேமரா பட்டனின் தம்பி. கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். பட்டன் செத்த அன்று வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். "ஒரு வார்த்தை போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதவன். இத்தனை வாரமும் அவனும் இவளும்தான் கடை கடையாக ஏறி இறங்கி, அன்று மாலை யாராவது யாரையாவது பார்த்தார்களா என்று விசாரித்தார்கள். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தபோது அவன் சத்தமில்லாமல் இவள் கையைப் பிடித்தான். இவள் விலக்கவில்லை. "அவ இருந்தா நம்மளை என்ன ஓட்டு ஓட்டியிருப்பா" என்றான். இரண்டு பேரும் சிரித்து, அப்புறம் அழுதார்கள். பட்டன் போனபின் அவளுக்கு மூச்சு விட ஓர் இடம் இருந்தது என்றால் அது அவன்தான்.

உடனே பதில் வந்தது. 'என்ன கிடைச்சுது?'

'நேர்ல சொல்றேன்' என்று தட்டிவிட்டு, குடையை ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலி மைதானத்தில் அவருடைய பழைய வெள்ளைக் கார் ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் ஓர் அம்மாள், மலை உச்சியில் தொங்குகிறவரைப் போல அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீராவி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"யாரது? ஏய், கிளாஸ் நடக்குது, இறங்கு!"

"உங்க குடை எங்க அத்தான்?"

"குடையா? அது எங்கேயோ தொலைஞ்சுபோச்சு. இப்போ அதுவா முக்கியம்? அம்மா, நீங்க கியரைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க."

நீராவி பையிலிருந்து குடையை எடுத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீட்டினாள். "எங்க கடையில கிடந்துது. மிஷினுக்குப் பின்னாடி."

அத்தான் தன் பக்கத்து பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். கார் குலுங்கி அணைந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலையே சார்?" என்றார் அந்த அம்மாள் அழாத குறையாக.

"இல்லம்மா. நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்க. இன்னிக்கு இவ்வளவு போதும்."

அந்த அம்மாள் இறங்கியதும் அத்தான் டிரைவர் சீட்டுக்கு மாறினார். சாவியைத் திருகினார்.

"சொல்லுங்க" என்றாள் நீராவி. "எதுக்குப் போனீங்க? அவ மாப்பிள்ளையைத் துரத்தினதுக்கா? அதுக்கா ஒரு உயிர்? அங்க ஒரு மனுஷன் செய்யாத கொலைக்கு உள்ளே உட்கார்ந்திருக்கார். நீங்க இங்க கியர் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கீங்க!"

"வாயை மூடு. நான் அன்னிக்கு வீட்டை விட்டு நகரவே இல்ல."

"அப்போ அக்கா சொன்னது..."

"நான் வீட்டுலதான் இருந்தேன். அது நிஜம்." அத்தான் கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்தார். "உங்கக்காதான் இல்ல."

கார் தெருவில் ஏறியது. தலைக்கு மேல் 'பயிற்சி வண்டி' என்று பலகை. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டினான். அத்தான் அதற்காகவெல்லாம் வேகம் எடுக்கவில்லை. விட்டு விட்டுச் சொன்னார். அன்று மாலை போன் வந்தது. அக்கா குடையை எடுத்துக்கொண்டு, 'இதோ வந்துடறேன்' என்று போனாள். திரும்பி வந்தபோது குடை இல்லை. தலையிலிருந்து கால் வரை நனைந்து, பல் கிட்டிப்போய், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் பேச்சில்லை. மறுநாள் காலை பட்டன் செத்த செய்தி வந்தது.

"போலீஸ் வந்தப்போ, அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நானே முந்திக்கிட்டேன். நாங்க எல்லாரும் வீட்டுலதான் இருந்தோம்னு. அவளும் அதையே சொல்லிட்டா."

"அக்காகிட்ட கேட்கவே இல்லையா நீங்க?"

"இல்ல."

"ஏன்?"

"ஆமாம்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்றார் அத்தான். "பக்கத்துலதான் படுத்திருக்கா. ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல."

நீராவிக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இஸ்திரி அண்ணனின் மனைவி கடை வாசலில் நிற்கிறாள்.

"அவகிட்ட பொறுமையா கேளு" என்றார் அத்தான், வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது.

"பொறுமையா பேசற ஆளு செத்துப்போயிட்டா அத்தான். இப்போ இருக்கறது நான்தான்."

அக்கா முன்னறையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பின்னங்களோடு மல்லுக்கு நின்றார்கள். பலகையில் முக்கால் பாகம் நிழல் போட்ட ஒரு வட்டம். அக்கா திரும்பினாள். முதலில் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் குடையை. கையிலிருந்த சாக்பீஸை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு இது போதும். மிச்சக் கணக்கை வீட்டுல போட்டுட்டு வாங்க."

பிள்ளைகளுக்குக் கசக்குமா? நொடியில் அறை காலியானது.

"போனியா?" என்றாள் நீராவி.

"போனேன்."

"எதுக்கு?"

"அவதான் கூப்பிட்டா. 'உங்க தங்கச்சி விஷயமா பேசணும்கா, அவ ஹோட்டலுக்குப் போயிருக்கா, இப்பவே வாங்க'ன்னா. போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்துது. குடையை மடக்கி உள்பக்கம் சாத்தி வச்சேன். குனியறதுக்குள்ள உள்ளே சத்தம். சண்டை. பட்டன் கத்தறா, 'அவகிட்ட நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா? அவ அக்காவையே வரச் சொல்லிட்டேன்'னு. நான் அப்படியே நின்னுட்டேன்."

"யாரோட சண்டை?"

அக்கா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, யாரோட?"

"ஒரு ஆம்பளைக் குரல். அப்புறம் ஏதோ விழுந்த சத்தம். குடையை விட்டுட்டு மழையில ஓடியே வந்துட்டேன். மேஜையைத் தட்டிவிட்டிருப்பாங்க, ஏதாவது பெட்டி விழுந்திருக்கும்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். காலையில..." அக்கா கண்களை மூடினாள். "உள்ளே போயிருந்தா அவ பிழைச்சிருப்பாளோ என்னவோ."

வாசற்படியில் நின்றிருந்த அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீ... நீ இல்லையா?"

"எது நான் இல்லையா?"

அக்கா அவரையே பார்த்தாள். புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது.

"என்னைக் கொலைகாரின்னு நினைச்சீங்களா? நினைச்சுக்கிட்டேதான் ஒரு மாசமா என் கையால சாப்பிட்டீங்களா? நீங்க என்னை நம்பித்தான் போலீஸ்ல அப்படிச் சொன்னீங்கன்னு நான் இங்க உருகிக்கிட்டிருந்தேனே!"

"உன்னைக் காப்பாத்தணும்னு..."

"கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"நீ சொல்லியிருக்கலாமே!"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" நீராவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "உங்க சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. அக்கா, குரல் யாரோடது? உனக்குத் தெரியும். தெரியாட்டி நீ போலீஸ்ல அன்னிக்கே சொல்லியிருப்பே. யாருக்காக மூடி மறைச்சே?"

"உனக்காக."

"என்ன?"

"உனக்காகத்தான்டி. அவ போனப்புறம் நீ சோறு தண்ணி இல்லாம கிடந்தே. திரும்ப உன்னைச் சிரிக்க வச்சது ஒரே ஆளு. நான் கேட்டது ஒரு குரலைத்தான், கொலையைப் பார்க்கல. குரலை வச்சு ஒருத்தன் தலையில பழி போட்டா, நாளைக்கு அது தப்புன்னா? உன் வாழ்க்கையை நானே மிதிச்ச மாதிரி ஆயிடாதா?"

அந்த ஒரே ஆள் யாரென்று நீராவிக்குத் தெரியும். பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவன் வெளியூர்ல இருந்தான்" என்றாள்.

"அவன்தான் அப்படிச் சொன்னான்."

"பொய் சொல்றே!"

"நான் இத்தனை நாள் சொன்னதுதான் பொய்" என்றாள் அக்கா.

நீராவி குடையை வீசி எறிந்தாள். அது கரும்பலகையில் பட்டு விழுந்தது. "எனக்காகன்னு சொல்லாதே! என் பேரைச் சொல்லி யாரும் எதையும் மறைக்காதீங்க. நான் கேட்டேனா? எனக்குப் புருஷன் வேணும்னு கேட்டேனா? அவளை யார் அடிச்சாங்கன்னுதானே ஒவ்வொரு நாளும் கேட்டேன்! உன் மடியில படுத்துக்கிட்டுக் கேட்டேனே அக்கா. தலையைத் தடவிக் கொடுத்துக்கிட்டே சும்மா இருந்தியே. அங்க இஸ்திரி அண்ணன் பொண்டாட்டி, கடை திறந்தாச்சு, புருஷன் வந்துடுவார்னு நினைச்சுக்கிட்டுப் போறா. அவ யார் மடியில போய் விழுவா?"

அக்கா அழவில்லை. அவளும் கோபக்காரிதான், கணக்கு டீச்சர் ஆனதால் வெளியே தெரிவதில்லை. முந்தானையால் சாக்பீஸ் தூளைத் துடைத்துவிட்டு, அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் போட்டாள். அத்தான் தடுக்கப்போனார். அவள் பார்த்த பார்வையில் கையைக் கீழே போட்டார்.

"மேடம், நான் அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். வீட்டுல இல்ல நான். கடை வாசல்ல இருந்தேன்." நடுங்காத குரல். இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். அவன் பெயரையும் சொன்னாள். "சரி மேடம். இங்கேயே இருக்கோம்."

போனை வைத்தாள். "வந்துட்டிருக்காங்க."

நீராவி பின்னங்கள் எழுதிய பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா குடையைச் சாத்தி வைத்தது ஷட்டருக்கு உள்பக்கம். கிடைத்தது மிஷினுக்குப் பின்னால். நடுவில் யாரோ அதை எடுத்து ஒளித்திருக்கிறார்கள். அது யார் வீட்டுக் குடை என்று தெரிந்த ஒருவர். இல்லை, அக்கா குரலைத் தவறாகக் கேட்டிருப்பாள். மழை. ஷட்டர் தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. அவன் வரட்டும். முகத்தைப் பார்த்துக் கேட்டால் தெரிந்துவிடும். கல்யாண மண்டபத்தின் பெயர் சொல்லுவான், படங்களைக் காட்டுவான், அக்கா மன்னிப்புக் கேட்பாள். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டாள். 'கோபப்படாதே, ஒண்ணு கேட்கிறேன்...' கோபப்படாதே என்று அடுத்தவரிடம் கெஞ்சத் தனக்குக்கூடத் தெரிகிறது என்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

இன்ஸ்பெக்டரம்மா இவ்வளவு சீக்கிரம் வர முடியாது. நீராவி போய்த் திறந்தாள்.

தோளில் கேமராப் பையோடு அவன் நின்றிருந்தான். வேகமாக வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. வழக்கம்போலச் சிரிக்க ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். கண்கள் அவளைத் தாண்டி உள்ளே போயின. போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அக்காவிடம் நின்றன.

அவள் அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றும் வெளியே வரவில்லை. அவன்தான் முதலில் பேசினான்.

"அக்கா சொல்லிட்டாங்களா?"

மெதுவாகத்தான் கேட்டான். அத்தானுக்குக்கூடக் கேட்டிருக்காது.

நீராவிக்குக் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் இத்தனை வாரங்களும் ஒரே உதறலில் தலைகீழாகத் திரும்பிக்கொண்டன. கடை கடையாக ஏறினார்களே. 'அன்னிக்குச் சாயந்திரம் யாரையாவது பார்த்தீங்களா?' என்று அவன்தான் முந்திக்கொண்டு கேட்பான். 'இல்லையே தம்பி' என்று சொல்லச் சொல்ல அவன் பெருமூச்சு விடுவான். அது ஏமாற்றம் என்று நினைத்து அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். யார் பார்த்தார்கள் என்று அவன் தேடவில்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு கடையாக உறுதி செய்துகொண்டிருந்தான். அதற்குத் துணைக்கு அவளையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

அவள் அவன் சட்டையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தாள். ஈரத் துணியை மிஷினிலிருந்து இழுத்துப் பழகிய கை. ஒரே இழுப்பில் உள்ளே வந்துவிட்டான். கேமராப் பை கதவில் மோதியது.

"நான் விளக்கமா சொல்றேன், நீ முதல்ல..."

"உட்காரு."

பிள்ளைகள் உட்கார்ந்திருந்த தரையில் அவன் உட்கார்ந்தான். அக்கா குழந்தை தூங்கும் அறையைச் சாத்தி அதன் முன்னால் நின்றாள். அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல், செய்ய வேண்டியதைச் செய்தார்: ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நீராவி வாசல் கதவைத் தாழிட்டாள். அக்காவின் டியூஷன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்தாள். அவனுடைய முகம் அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் புதிதாக ஓர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அழவில்லை. அவனுக்கு முன்னால் அழுதது எல்லாம் போதும்.

"இன்ஸ்பெக்டரம்மா வர்றதுக்குக் கொஞ்ச நேரம் இருக்கு" என்றாள். "பட்டன் உன்னை எங்கிட்ட எதைச் சொல்லச் சொன்னா? அதை முதல்ல சொல்லு."